மோதிர விரலின் ஒரு பாதி

சென்ற ஆண்டு சில மாதங்கள் என் வலது கை இரவில் என்னை எழுப்பிக்கொண்டே இருந்தது. 2 மணி இருக்கும், சில நாள் 3 மணி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், உள்ளே எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். எழுந்து உட்கார்ந்து, ஈரக்கையை உதறுவதுபோல் நாலைந்து முறை உதறினால் உயிர் திரும்பும். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பகலெல்லாம் பேனாவும் மவுஸும் பிடிக்கிற கை, அலுத்துப்போயிருக்கிறது என்று எண்ணி விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலையில் மேசையருகே உட்கார்ந்து, பென்சில் முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். சுண்டுவிரலில் ஒரு குறையும் இல்லை. மோதிர விரலுக்கு வந்தபோதுதான் திடுக்கிட்டேன். நடுவிரலை ஒட்டிய பக்கம், துணிக்கு மேல் தொடுவதுபோல் மந்தமாக இருந்தது. சுண்டுவிரலை ஒட்டிய பக்கத்தில் பென்சில் முனை கூர்மையாகக் குத்தியது. ஒரே விரல்தான். ஆனால் நடுவே கோடு கிழித்தாற்போல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பத்துப் பன்னிரண்டு முறை பென்சிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி நகர்த்திப் பார்த்தேன். அந்த எல்லை அசையவே இல்லை.

மருத்துவரிடம் இதைச் சொன்னதும் அவர் தலையசைத்தார். அந்தக் கோடு எனக்கு மட்டும் உரியதல்ல என்றார். மனிதக் கையில் மோதிர விரலைப் பெரும்பாலும் இரண்டு நரம்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கட்டைவிரல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது மீடியன் நரம்பு, சுண்டுவிரல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அல்நார் நரம்பு. மீடியன் நரம்பு மட்டும் மணிக்கட்டில் எலும்பும் கெட்டியான தசைநார்ப் பட்டையும் சேர்ந்து அமைத்த ஒரு குறுகலான குகைக்குள் நுழைந்து போகிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் அதே வழியாகத்தான் போகின்றன. உள்ளே சற்று வீக்கம் வந்தாலும் நெரிபடுவது நரம்புதான். உறக்கத்தில் மணிக்கட்டை மடித்துக்கொண்டு படுத்தால் இன்னும் நெரியும். நரம்புக் கடத்தல் சோதனை ஒன்று செய்து பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சோதனை அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு பல மாதங்கள் நான் வேறு எதையும் ஆர்வமாகப் படிக்கவில்லை. மூளையையும் நரம்பையும் பற்றி நான் மனத்தில் வைத்திருந்த படத்தை அது அடியோடு மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

சோதனை செய்த பெண் முதலில் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெந்நீர்ப் பையை எடுத்து வந்து கையின் மேல் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாகத்தான் கடத்தும் சார், கணக்குத் தப்பாகிவிடும்" என்றார். அந்த ஒரு வரி என்னை உறுத்தியது. நரம்பு என்றால் மின்கம்பி என்றுதானே பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம்? குளிர் நாளில் கம்பி மெதுவாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேட்டில் மின்முனையை ஒட்டினார். இரண்டு சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை மணிக்கட்டில் அழுத்தினார். "கையை இறுக்காமல் விடுங்கள் சார். சுரீரென்று இருக்கும்." சுரீரென்றது. கூடவே கட்டைவிரல் துள்ளியது. நான் அசைக்கவில்லை. என் விரல், என்னைக் கேட்காமல், வேறொருவர் சொன்னதற்குத் துள்ளியது. திரையில் ஒரு சிறு குன்று வரையப்பட்டது. பிறகு கருவியை முழங்கை மடிப்பில் வைத்து மறுபடி அழுத்தினார். மறுபடி அதே விரல் துள்ளியது, அதே குன்று தோன்றியது, இந்த முறை சற்றுத் தள்ளி. கருவி வைத்த இரண்டு இடத்திலும் தோலில் பேனாவால் புள்ளி வைத்து, தையற்காரர் பயன்படுத்துவது போன்ற அளவுநாடாவால் இடையே அளந்தார். 22 சென்டிமீட்டர்.

கணக்கு எளிது. மணிக்கட்டில் தூண்டியபோது தசை அசைய 5.9 மில்லிவினாடி ஆனது. முழங்கையில் தூண்டியபோது 9.9. வித்தியாசம் 4 மில்லிவினாடி. அதாவது முன்கையின் 22 சென்டிமீட்டரைச் செய்தி 4 மில்லிவினாடியில் கடந்திருக்கிறது. வினாடிக்கு 55 மீட்டர்.

"முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நன்றாக இருக்கிறது சார். மணிக்கட்டைத் தாண்டும்போதுதான் தாமதம்."

"எவ்வளவு தாமதம் அம்மா?"

"ஒன்றரை மில்லிசெகண்ட் சார்."

இதே கணக்கை முதன்முதலில் போட்டவர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் என்று பிறகு படித்தேன். ஆண்டு 1850. அதற்கு முன்பு அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் முல்லர் போன்ற பெரிய உடலியல் அறிஞர்களே, நரம்பின் வேகத்தை அளக்க ஒருநாளும் முடியாது என்று கருதினார்கள். ஒளியின் வேகத்துக்கு இணையாக இருக்கலாம், உடலுக்குள் இருக்கிற இத்தனூண்டு தூரத்தில் அதை எப்படி அளப்பது? ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளைக் காலின் தசையை அதன் நரம்போடு எடுத்து, தசைக்கு அருகில் ஒரு முறையும் தள்ளி ஒரு முறையும் நரம்பைத் தூண்டி, தசை சுருங்க ஆன நேரங்களின் வித்தியாசத்தை எடுத்தார். என் கையில் அந்தப் பெண் செய்ததும் அதே வித்தைதான். கிடைத்த வேகம் வினாடிக்கு 25 முதல் 40 மீட்டர்வரை. ஒளியின் வேகத்தோடு ஒப்பிடவே முடியாத எண். ஓடுகிற ரயில் வண்டியின் வேகம். ஹெல்ம்ஹோல்ட்ஸின் தந்தையால்கூட இதை எளிதில் ஏற்க முடியவில்லை. நினைப்பதும் கை அசைவதும் ஒரே கணம் என்றுதான் ஒவ்வொரு மனிதருக்கும் தோன்றுகிறது.

காலைக் கல்லில் இடித்துக்கொள்ளும்போது இந்த வேகத்தை யாரும் தம் உடம்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். இடித்துவிட்டோம் என்பது உடனே தெரிகிறது. வலி சற்றுப் பொறுத்து, அலைபோல் ஏறி வருகிறது. நடுவே ஒரு கணம், 'ஐயோ, வலிக்கப் போகிறது' என்று நினைக்கக்கூட நேரம் கிடைக்கும். தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அந்த ஆழ்ந்த, எரியும் வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து வருகின்றன. நாம் நடக்கிற வேகத்துக்கும் குறைவு. கால் கட்டைவிரலில் புறப்பட்ட வலி தலைக்கு வந்து சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகிவிடுகிறது.

மொழியும் நம்மைக் கம்பி என்றே நினைக்க வைக்கிறது. தமிழில் நரம்பு என்ற சொல் யாழின் தந்தியையும் குறித்தது. இன்றும் புறங்கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயைக் காட்டி 'நரம்பு தெரிகிறது' என்கிறோம். இரத்தக் குழாயில் போடும் ஊசிக்குப் பெயர் நரம்பு ஊசி. இழுத்துக் கட்டிய எதுவும் நரம்புதான். கிரேக்க மொழியில் நியூரான் என்ற சொல்லுக்கும் பழைய பொருள் தசைநாண், கயிறு, வில்லின் நாண். பிறகு தந்தி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கம்பிவழிச் செய்தி ஊர்களை இணைத்ததும், உடலின் நரம்புகளும் தந்திக் கம்பிகளே என்ற உவமை தானாக அமைந்துவிட்டது. ஹெல்ம்ஹோல்ட்ஸே அந்த உவமையைப் பயன்படுத்தினார். நல்ல உவமைதான். ஆனால் நரம்பின் அடிப்படை உயிரணுவான நரம்பணுவில் உள்ள மிக அழகான இரண்டு விஷயங்களையும் அது மறைத்துவிடுகிறது. ஒன்று, செய்தி பாய்வதில்லை, வழி நெடுகப் புதிதாகப் பிறக்கிறது. இரண்டு, கம்பி அறுந்தே கிடக்கிறது.

முதல் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நரம்பணு என்பது உப்புநீரில் மூழ்கிய ஒரு மெல்லிய பை. வெளியே சோடியம் அயனி மிகுதி, உள்ளே பொட்டாசியம் அயனி மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வு தானாக இருப்பதில்லை. அணுவின் சவ்வில் பதிந்த நுண்ணிய இறைப்பான்கள் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. உறங்கும்போதும் ஓய்வதில்லை. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது தின்கிறது. அதில் பெரும்பகுதி இந்த இறைப்புக்கே போகிறது. அதன் பலனாகவும், பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிவதாலும், சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கிறது. கைக்கடிகார பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு பார்த்தால் அற்பம். ஆனால் சவ்வின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது சுமார் 5 நானோமீட்டர். அந்த இடைவெளியில் 70 மில்லிவோல்ட் என்பது மீட்டருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் வோல்ட் என்ற விகிதம். உலர்ந்த காற்றில் மின்பொறி பாய்வதற்கு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டே போதும். சும்மா இருக்கும் நரம்பணு உண்மையில் சும்மா இல்லை. நாண் ஏற்றிய வில்லாக நிற்கிறது.

சவ்வில் கதவுகள் உண்டு. சோடியம் மட்டும் புகக்கூடிய கதவு, பொட்டாசியம் மட்டும் போகக்கூடிய கதவு. மின்னழுத்தம் மாறுவதை உணர்ந்து திறக்கும் கதவுகள் இவை. ஓரிடத்தில் உட்புறம் சற்றே உயர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால் அங்குள்ள சோடியக் கதவுகள் திறக்கின்றன. சோடியம் பாய்கிறது. உட்புறம் இன்னும் உயர்கிறது, அதனால் இன்னும் கதவுகள் திறக்கின்றன. ஒரு மில்லிவினாடிக்குள் மைனஸ் 70 என்பது பிளஸ் 30, 40 என்று தலைகீழாகிறது. உடனே சோடியக் கதவு தன்னைத் தானே அடைத்துக்கொள்கிறது. பொட்டாசியக் கதவு திறந்து, பொட்டாசியம் வெளியேறி, நிலைமை பழையபடி ஆகிறது. இந்தத் துடிப்பு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சவ்வும் சற்று உயர்ந்திருக்கும். அங்கேயும் அதே நாடகம். பிறகு அதற்குப் பக்கத்தில். பின்னால் திரும்பிப் போகாதா என்றால், போக முடியாது. இப்போதுதான் அடைத்துக்கொண்ட கதவுகள் சிறிது நேரம் திறக்க மறுக்கும்.

கதவு திறக்க வேண்டும், அயனி நகர வேண்டும், கதவு அடைய வேண்டும். வெந்நீர்ப் பைக்குக் காரணம் இதுதான். புரதத்தால் ஆன கதவுகள் குளிரில் மந்தமாகும். வெப்பநிலை ஒரு பாகை இறங்கினால் வினாடிக்கு இரண்டு மீட்டர் அளவில் வேகம் குறையும்.

இதையெல்லாம் ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது தனிக் கதை. மனித நரம்பிழை பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன். அதற்குள் எதையும் நுழைக்க முடியாது. ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சிப் பாய்ந்து தப்பும் கணவாய்க்கு மட்டும், அந்தப் பாய்ச்சலுக்கென்றே, அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர்வரை தடித்த இழை ஒன்று உண்டு. வெறுங்கண்ணால் பார்க்கலாம். 1939 கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள் மின்முனையைச் செருகி, துடிப்பின்போது உட்புறம் பூஜ்யத்துக்கு வருவதோடு நிற்காமல் நேர்மின்னாகவே மாறுவதைப் பார்த்தார்கள். சில வாரங்களில் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஆய்வைப் போட்டுவிட்டுப் போர்க்காலப் பணிகளுக்குப் போனார்கள். திரும்பி வந்து, 1952இல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். துடிப்பின் வடிவத்தைச் சமன்பாடுகளிலிருந்து கணக்கிட வேண்டிய நேரத்தில் கேம்பிரிட்ஜின் கணினி இயங்கவில்லை. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு எந்திரத்தில், படிப்படியாக, அந்த மில்லிவினாடிகளைக் கணக்கிட்டார். கணக்கில் வந்த வளைவும் கணவாய் இழையில் வந்த வளைவும் ஒத்துப்போயின. அப்போது அயனிக் கதவு ஒன்றை யாரும் தனியாகப் பார்த்ததே இல்லை. ஒற்றைக் கதவு திறந்து மூடுவதை எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் பதிவு செய்தது 1976இல்தான். பார்க்காத கதவுக்கு, அது எப்போது திறக்கும், எப்போது அடையும் என்று கையால் கணக்குப் போட்டு வைத்திருந்தார் ஒருவர். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த நிகழ்வு இது.

தொடுகையைக் கொண்டுபோகும் நம்முடைய இழைகள், கணவாயின் இழையைவிட மிக மெல்லியவை என்றாலும், அதைவிட வேகமாகக் கடத்துகின்றன. காரணம் மையலின் உறை. இழையைச் சுற்றிப் பாய் சுருட்டினாற்போல் பல அடுக்குக் கொழுப்பு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை உறையில் ஒரு சிறு இடைவெளி. ரேன்வியர் கணு என்பது அதன் பெயர். கதவுகள் அங்கேதான் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. துடிப்பு கணுவுக்குக் கணு தாவுகிறது. என் முன்கையின் 22 சென்டிமீட்டரில் இருநூறு கணுக்களாவது இருக்கும். நான்கு மில்லிவினாடியில் இருநூறு முறை அந்தச் செய்தி புதிதாகப் பிறந்திருக்கிறது. கடைசியில் பிறந்தது முதலில் பிறந்ததற்குத் துளியும் குறையாமல். ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்கை ஏற்றிக்கொண்டே போவதுபோல்.

என் மணிக்கட்டில் நெரிபட்டது இந்த உறைதான். உறை நைந்த இடத்தில் தாவல் தடுமாறுகிறது. ஒன்றரை மில்லிவினாடித் தாமதம் நோயில்லை, உறை நைந்ததற்கு அடையாளம். உறை மறுபடி வளரும் என்றார் மருத்துவர். உள்ளே உள்ள இழையே பட்டுப்போனால்தான் கடினம். அறுந்த இழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் மீண்டு வளரும்.

அந்த இழைக்குச் சொந்தக்கார அணு எங்கே இருக்கிறது என்று கேட்டபோது கிடைத்த பதில் என்னைக் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்தது. கட்டைவிரல் தசையை அசைக்கும் நரம்பணுவின் உடல் கழுத்தடியில், தண்டுவடத்துக்குள் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம் அளவுள்ள உடல். அதிலிருந்து ஒரே ஓர் இழை தோள் வழியாக, முழங்கை வழியாக, மணிக்கட்டுக் குகை வழியாகக் கட்டைவிரல்வரை முக்கால் மீட்டர் நீண்டு வருகிறது. அத்தனையும் ஒரே அணு. விரல் முனையில் தேவைப்படும் புரதங்களில் பெரும்பாலானவை கழுத்தில்தான் தயாராகின்றன. இழைக்குள் ஓடும் நுண்குழல்களின் மேல் கைனசின் என்ற மூலக்கூறுகள் அந்தச் சரக்கை முதுகில் சுமந்து, எட்டு எட்டு நானோமீட்டர் அடியாக எடுத்து வைத்து நடக்கின்றன. விரைவான சரக்கே நாளுக்கு 40 சென்டிமீட்டர் அளவில்தான் போகும். இன்று கழுத்திலிருந்து புறப்பட்டது என் கட்டைவிரலை நாளை மறுநாள் வந்து சேரும். இந்த வரியை எழுதிய விரலுக்கான சரக்கும் எங்கோ தோளருகே வந்துகொண்டிருக்கிறது.

இனி இரண்டாவது விஷயம். கம்பி அறுந்தே கிடக்கிறது என்றேன்.

நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். அவர்களில் ஒருவர் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. 1873இல் வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுவைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தவர் அவரேதான். அந்த முறையில் நூற்றில் ஒன்றிரண்டு அணுக்களே கறுக்கும், ஆனால் கறுத்த அணு கிளை நுனிவரை முழுதாகத் தெரியும். ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ காஹால் அதே முறையைக் கையில் எடுத்து, 1888 முதல் வரைந்து தள்ளினார். அவர் கண்டது வேறு. ஒவ்வோர் அணுவும் தனி. கிளைகள் நெருங்குகின்றன, ஒட்டுவதில்லை. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். மேடையிலும் கோல்ஜி காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். இடைவெளி உண்மையில் இருக்கிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி 1950களில் கண்ணுக்குக் காட்டியது. அகலம் சுமார் 20 நானோமீட்டர். அந்தச் சந்திப்புக்குச் சார்லஸ் ஷெரிங்டன் 1897லேயே சினாப்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்.

செய்தி எப்படித் தாண்டுகிறது? மின்பொறியாகப் பாய்கிறது என்று ஒரு கூட்டம், வேதிப்பொருளாகப் போகிறது என்று ஒரு கூட்டம். 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அதைச் சூழ்ந்திருந்த நீரை மற்ற இதயத்துக்கு மாற்றினார். நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவானது. நீரில் ஏதோ இருந்தது. பின்னாளில் அது அசிட்டைல்கோலின் என்று உறுதியானது. மின்பொறியாகவே கடத்தும் சந்திப்புகளும் மூளையில் உண்டு என்று பிறகு தெரியவந்தது. ஆனால் பெரும்பான்மை வேதிவழிதான்.

அந்த 20 நானோமீட்டரில் நடப்பது இது. துடிப்பு இழையின் முனைக்கு வந்ததும் அங்கே கால்சியக் கதவுகள் திறக்கின்றன. வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப் போல் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. அது உள்ளே புகுந்ததுமே, விளிம்பில் தயாராகக் காத்திருக்கும் சின்னஞ்சிறு பொட்டலங்கள் சவ்வோடு இணைந்து வெடித்துத் திறக்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். அவை இடைவெளியைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகளில் பொருந்த, அங்கே வேறு கதவுகள் திறக்கின்றன. உடனே துப்புரவும் நடக்கிறது. சில மூலக்கூறுகளை நொதி சிதைக்கிறது, சிலவற்றை அருகில் உள்ள அணுக்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இவ்வளவும் ஒரு மில்லிவினாடியை ஒட்டிய நேரத்தில். சோதனையில் இரண்டு இடத்தில் தூண்டிக் கழித்ததற்கும் இது ஒரு காரணம். என் கட்டைவிரல் தசையில் இப்படி ஒரு சந்திப்பு இருக்கிறது. அதன் தாமதம் இரண்டு அளவிலும் பொதுவாக இருப்பதால் கழித்தலில் நீங்கிவிடும்.

மருத்துவத்தின் பாதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்றுகூடச் சொல்லலாம். குராரே நஞ்சு தசையின் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. போட்டுலினம் நஞ்சு பொட்டலத்தைத் திறக்கவிடாமல் செய்கிறது. மனச்சோர்வுக்கான மருந்துகள் பல, உறிஞ்சலைத் தாமதப்படுத்துகின்றன. பல் மருத்துவரின் மரப்பு ஊசி மட்டும் வேறு இடம், இழையின் சோடியக் கதவுகளை அடைக்கிறது.

தசையின் சந்திப்பையும் மூளையின் சந்திப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது. தசையில் ஒரு துடிப்பு வந்தால் பல பத்துப் பொட்டலங்கள் ஒன்றாகத் திறக்கும். தசை சுருங்கியே தீரும். அது ஆணை. மூளையிலோ, ஒரு சந்திப்பில் ஒரு துடிப்புக்கு ஒரு பொட்டலம் திறக்கலாம், பல சமயம் ஒன்றுமே திறக்காமலும் போகலாம். திறந்தாலும், பெறுகிற அணு ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே அசையும். எல்லையைத் தாண்ட அதற்குப் பதினைந்து மில்லிவோல்ட் வேண்டும். அந்த ஓர் அணுவின் கிளைகளிலோ ஆயிரக்கணக்கான சந்திப்புகள். சிறுமூளையின் பர்க்கின்ஜி அணுவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொண்டு வருபவை 'போ' என்கின்றன, காபா என்ற வேதிப்பொருளைக் கொண்டு வருபவை 'பொறு' என்கின்றன. இத்தனை பேச்சையும் கேட்டு, கூட்டிக் கழித்து, இழை தொடங்கும் இடத்தில் அணு ஒரு முடிவு எடுக்கிறது. துடிப்பது அல்லது துடிக்காமல் இருப்பது. அரைத் துடிப்பு என்று ஒன்று கிடையாது. தசையில் ஆணை என்றால், மூளையில் நடப்பது ஆலோசனை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள், அவற்றில் 6,900 கோடி சிறுமூளையில் மட்டும். ஒவ்வொன்றும் இந்த ஆலோசனையில் இருக்கிறது.

கம்பிகள் ஒட்டியே இருந்திருந்தால் ஆலோசனைக்கு இடமே இருந்திருக்காது. வந்ததெல்லாம் போய்க்கொண்டே இருக்கும். கற்றலுக்கும் இடம் இருந்திருக்காது. இதை என் இடக்கையிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

மணிக்கட்டை நேராக வைக்க ஒரு பட்டை கொடுத்து, மூன்று மாதம் வலக்கைக்கு வேலை குறைக்கச் சொன்னார்கள். மெய்ப்புத் தாள்கள் காத்திருக்குமா? பேனாவை இடக்கைக்கு மாற்றினேன். முதல் வாரம் எழுதிய 'ழ' இன்னும் ஒரு தாளில் இருக்கிறது. மேல்பகுதி எப்படியோ வந்துவிட்டது. கீழே வால் வளைய வேண்டிய இடத்தில் கை எதிர்ப்பக்கம் போய்விட்டது. எழுத்து எனக்குத் தெரியும், ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பேனாவைப் பிடித்த விரல்கள் அல்லாமல் தோள், கழுத்து, நாக்கு எல்லாம் சேர்ந்து எழுத முயன்றன. ஒரு பக்கத்தின் ஓரக்குறிப்புகளை எழுதி முடித்தால் சட்டை வியர்த்துவிடும். தினமும் இரவு அரைமணி நேரம் 'ழ' மட்டும் எழுதினேன்.

அந்த இரவுகளில் என் தலைக்குள் நடந்துகொண்டிருந்ததைப் போன்ற ஒன்றை 1973இல் டிம் பிளிஸும் தெர்யே லோமோவும் முயலின் மூளையில், நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பதிவு செய்து வெளியிட்டார்கள். ஒரு பாதையை அடுத்தடுத்து வேகமாகத் தூண்டினால், அந்தச் சந்திப்புகள் மணிக்கணக்கில் வலுப்பெற்று நிற்கின்றன. அதே அளவு செய்திக்குக் கூடுதலான பதில் கிடைக்கிறது. இதன் பின்னால் உள்ள பொறியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குளூட்டமேட்டைப் பெறும் ஏற்பிகளில் ஒருவகை உண்டு, என்எம்டிஏ ஏற்பி என்பது பெயர். அதன் வாயிலில் ஒரு மக்னீசியம் அயனி அடைப்பாக உட்கார்ந்திருக்கிறது. குளூட்டமேட் வந்து கதவைத் திறந்தாலும் மக்னீசியம் வழியை மறிக்கும். பெறுகிற அணு ஏற்கெனவே வேறு வழிகளில் தூண்டப்பட்டு, அதன் உட்புற மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் மட்டுமே மக்னீசியம் விலகும். அனுப்புகிறவரும் பேச வேண்டும், கேட்கிறவரும் அதே கணத்தில் விழித்திருக்க வேண்டும். இரண்டும் கூடினால் கால்சியம் உள்ளே புகுந்து, அந்தச் சந்திப்பில் கூடுதல் ஏற்பிகளைக் கொண்டு வந்து பதிக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. பேசியும் கேட்கப்படாத பேச்சு அந்த ஏற்பியில் தங்குவதில்லை. டொனால்ட் ஹெப் 1949இல், ஓர் அணு இன்னொன்றைத் துடிக்கவைப்பதில் மீண்டும் மீண்டும் பங்கெடுத்தால் அந்த இணைப்பு வலுப்படும் என்று ஊகித்திருந்தார். அந்த ஊகத்துக்குத் தேவையான பூட்டு ஒற்றை அயனியால் ஆனது.

ஏழாவது வாரம் வால் திரும்பியது. எந்த இரவில் திரும்பியது என்று என்னால் சொல்ல முடியாது. தாளைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை வரை தடுமாற்றம், வெள்ளிக்கிழமை தெளிவு. இடையில் உள்ள இரண்டு நாளில் நான் பயிற்சியே செய்யவில்லை, வேலை நெருக்கடி. உறங்கினேன், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து அதே அறைக்குப் போனேன். வெந்நீர்ப் பை, மின்முனை, சுரீர். இந்த முறை திரையைப் பார்க்காமல் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது துள்ளிய பிறகுதான் சுரீரென்பது எனக்குத் தெரிந்ததா, முன்பே தெரிந்ததா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அந்தப் பெண் மறுபடி புள்ளி வைத்து நாடாவால் அளந்தார்.

"4.7 சார். போன முறை 5.9 இருந்தது. நன்றாக இறங்கியிருக்கிறது."

பென்சிலை அவரிடம் வாங்கி மோதிர விரலில் தேய்த்துப் பார்த்தேன். எல்லை இன்னும் இருந்தது, ஆனால் மங்கலாக. நடுவிரல் பக்கத்திலும் முனை குத்தியது.

பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். வலக்கையில் பசை காயாமல் இருந்தது. பேனாவை எடுத்துப் போட்டுவிட்டு, பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். இடக்கையால் எழுதியிருந்தேன். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. வால் சரியான பக்கம் திரும்பியிருந்தது.